மென்படலத்திலும் நானோ கம்பியிலும் மீகடத்தல்: பரிமாணத்தைக் கணக்கிட்டு, செய்து, அளந்து பார்க்க முழு வழிகாட்டி

நையோபியம் நைட்ரைடில் 5 நானோமீட்டர் தடிமனும் 100 நானோமீட்டர் அகலமும் கொண்ட கீற்றை எல்லோரும் நானோ கம்பி என்றுதான் அழைக்கிறார்கள். ஒற்றை ஃபோட்டான் உணரிகளுக்குள் வளைந்து வளைந்து ஓடுவது இந்தக் கீற்றுதான். ஆனால் மீகடத்தலின் (மின்தடையே இல்லாமல் மின்னோட்டம் ஓடும் நிலையின்) கண்ணுக்கு அது கம்பி இல்லை, தகடு. அலுமினியத்தில் அதே 100 நானோமீட்டர் அகலத்தில் ஒரு கீற்றை வெட்டினால் அது உண்மையிலேயே ஒற்றைப் பரிமாணக் கம்பியாக நடந்துகொள்ளும். நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே அகலம்தான். வேறுபடுவது உள்ளே இருக்கும் கூப்பர் இணையின், அதாவது மீகடத்தலைச் சுமக்கும் எலெக்ட்ரான் ஜோடியின், அளவு.

அந்த அளவுக்குப் பெயர் ஒத்திசைவு நீளம். தடிமன் அதைவிடக் குறைந்தால் படலம் இருபரிமாணம். அகலமும் தடிமனும் இரண்டுமே அதற்குள் அடங்கினால் கம்பி ஒற்றைப் பரிமாணம். விதி இவ்வளவுதான். ஆனால் ஒத்திசைவு நீளம் வெப்பநிலையோடு மாறும், மாசோடு மாறும். அதனால் ஒரே துண்டு ஒரு வெப்பநிலையில் முப்பரிமாணமாகவும் இன்னொன்றில் இருபரிமாணமாகவும் இருக்க முடியும். பரிமாணம் என்பது விகிதம். தடிமனை மட்டும் எழுதிவிட்டு "இருபரிமாண மீகடத்தி" என்று தலைப்பு வைப்பது போதாது, அளந்து காட்ட வேண்டும்.

இந்த வழிகாட்டி நையோபியம் நைட்ரைடு படலத்தை மையமாக வைத்துப் போகிறது. நிலைமாறு வெப்பநிலை (மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலை) உயரமாக இருப்பதால் சாதாரண ஹீலியம் கிரையோஸ்டாட் (குளிர்கலம்) போதும், படலமும் உறுதியானது. கம்பிக்கு மாலிப்டினம்-ஜெர்மேனியம் உலோகக் கலவைக்கு மாறிக்கொள்வோம்.

படி 1: அறைக்குள் நுழையும் முன் நான்கு எண்கள்

முதல் எண் ஒத்திசைவு நீளம். தூய உலோகத்தில் அலுமினியத்துக்குச் சுமார் 1600, ஈயத்துக்கு 83, நையோபியத்துக்கு 38 நானோமீட்டர். பாடப்புத்தகத்தில் உள்ள இந்த எண்களை அப்படியே எடுத்துக் கணக்குப் போடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மென்படலத்தில் எலெக்ட்ரான் அடிக்கடி மோதுகிறது. அங்கே பொருந்துவது 0.85 × √(தூய நீளம் × மோதலிடைத் தூரம்). அலுமினியப் படலத்தில் மோதலிடைத் தூரம் 10 நானோமீட்டர் என்றால் 1600 இறங்கி 108 ஆகிவிடும். நையோபியம் நைட்ரைடில் கடைசியில் கிடைப்பது 5 நானோமீட்டர் அளவுதான்.

இது சுழி வெப்பநிலைக்கு உரிய மதிப்பு. நிலைமாறு வெப்பநிலையை நெருங்க நெருங்க இது √(1 − வெப்பநிலை விகிதம்) என்பதால் வகுபட்டுப் பெருகும். விகிதம் என்பது வெப்பநிலை ÷ நிலைமாறு வெப்பநிலை. 50 நானோமீட்டர் தடிமனுள்ள நையோபியம் நைட்ரைடு படலம்கூட, நிலைமாறு புள்ளிக்கு 1 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் இருபரிமாணமாகிவிடும். 5 நானோமீட்டர் படலம் எல்லா வெப்பநிலையிலும் இருபரிமாணம்.

கம்பிக்கு இன்னொரு எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அகலம் ஒத்திசைவு நீளத்தின் 4.4 மடங்குக்குக் கீழே போனால் கீற்றுக்குள் ஒரு காந்தச் சுழலுக்கு (மின்னோட்டம் சுற்றிச் சுழலும், காந்தப்பாயம் ஊடுருவும் சிறு இழைக்கு) இடமே இல்லை. லிகாரெவ் 1979-இல் காட்டிய எல்லை இது. நையோபியம் நைட்ரைடில் அது 22 நானோமீட்டர். 100 நானோமீட்டர் கீற்று ஏன் தகடு என்பதற்கு இதுவே காரணம்: சுழல்கள் அதற்குள் தாராளமாக நுழைந்து குறுக்கே கடக்கும்.

இரண்டாவது எண் சதுர மின்தடை, அதாவது மின்தடை எண்ணைத் தடிமனால் வகுத்தது. இதை 6453 ஓமோடு ஒப்பிடுங்கள். பிளாங்க் மாறிலியை எலெக்ட்ரான் மின்னூட்ட வர்க்கத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் குவாண்டம் மின்தடை அது. 1989-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹேவிலண்ட், லியூ, கோல்ட்மன் மூவரும் ஜெர்மேனியப் பூச்சின் மேல் பிஸ்மத்தைச் சிறிது சிறிதாகத் தடிக்க விட்டு அளந்தபோது, ஏறத்தாழ இந்த மதிப்பைச் சுற்றித்தான் வளைகோடுகள் இரண்டாகப் பிரிந்தன. அதற்கு மேல் மின்தடை உள்ள படலங்கள் குளிரக் குளிர மின்காப்பியாயின. குறைவானவை மீகடத்தியாயின. எல்லாப் பொருளிலும் எல்லைக்கோடு சரியாக 6453-இல் விழும் என்று நம்பிவிடாதீர்கள். ஆனால் உங்கள் படலம் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும்.

மூன்றாவது எண் பேர்ல் நீளம். ஊடுருவல் ஆழத்தின் (காந்தப்புலம் மீகடத்திக்குள் நுழையும் தூரத்தின்) வர்க்கத்தை இரட்டித்துத் தடிமனால் வகுத்தால் வருவது. நான்காவது கட்ட விறைப்பு: மீகடத்தும் அலையின் கட்டத்தை (phase) திருக எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது, கெல்வினில். இரண்டையும் சதுர மின்தடையிலிருந்தே பெறலாம். ஒரு எடுத்துக்காட்டைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம்.

தடிமன் 5 நானோமீட்டர், சதுர மின்தடை 500 ஓம், நிலைமாறு வெப்பநிலை 10 கெல்வின். ஆற்றல் இடைவெளி 1.76 × போல்ட்ஸ்மன் மாறிலி × 10 = 1.52 மில்லி எலெக்ட்ரான்வோல்ட். ஒரு சதுரத்தின் இயக்கவழி மின்தூண்டல் (இணைகளின் நிலைமத்தால் வரும் மின்தூண்டல்), குறைத்த பிளாங்க் மாறிலி × 500 ÷ (பை × இடைவெளி) = 69 பிக்கோஹென்றி. இதிலிருந்து ஊடுருவல் ஆழம் சுமார் 520 நானோமீட்டர், பேர்ல் நீளம் 110 மைக்ரோமீட்டர். கட்ட விறைப்பு 114 கெல்வின்.

114 கெல்வின் விறைப்பும் 10 கெல்வின் நிலைமாற்றமும் என்றால், இணைகள் உடையும்வரை கட்டம் குலைவதில்லை. இனி அதே பொருளை மேலும் மெலியவைத்துச் சதுர மின்தடை 5000 ஓமுக்கும் நிலைமாறு வெப்பநிலை 3 கெல்வினுக்கும் போனதாக வையுங்கள். மின்தூண்டல் 2300 பிக்கோஹென்றி ஆகிறது. விறைப்பு 3.4 கெல்வினுக்குச் சரிகிறது. இங்கே இணைகள் உயிரோடு இருக்கும்போதே கட்டம் குலைந்து மீகடத்தல் போய்விட வாய்ப்புண்டு. பரிமாணம் குறைவதன் உண்மையான விளைவு இந்த 114-க்கும் 3.4-க்கும் இடையில்தான் இருக்கிறது. படலம் மெலிவது அதற்கு ஒரு கருவி, அவ்வளவே.

படி 2: படலத்தை வளர்த்தல்

மெக்னீசியம் ஆக்சைடு ஒற்றைப் படிகத்தின் 100 முகம் அடித்தளமாக இருந்தால் நல்லது. அதன் அணிக்கோவை இடைவெளி 4.21 ஆங்ஸ்ட்ராம், நையோபியம் நைட்ரைடினது 4.39. ஓரளவு பொருந்தி வளரும். மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனக் குழுவினர் இந்த அடித்தளத்தில் 600 டிகிரி செல்சியஸில் வளர்த்த படலங்கள் இத்துறையில் பரவலாக மேற்கோள் காட்டப்படுபவை. சிலிக்கன் மேல் வளர்த்தால் பல்படிகப் படலம் வரும், நிலைமாறு வெப்பநிலை சில கெல்வின் குறையும். மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும். தண்ணீரில் அலசாதீர்கள். அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், உலர் நைட்ரஜன் ஊதல் போதும்.

முறை, வினைபுரி நேர்மின் மேக்னட்ரான் ஸ்பட்டரிங்: வாயு அயனிகள் நையோபியத் தகட்டை (டார்கெட்) மோதித் தெறிக்கும் அணுக்கள் நைட்ரஜனோடு சேர்ந்து படலமாகப் படியும். அறையை 10⁻⁷ டார் வட்டாரத்துக்கு இறக்குங்கள். ஆர்கானும் நைட்ரஜனும் 5-க்கு 1, மொத்த அழுத்தம் 5 மில்லிடார் என்பது நல்ல தொடக்கம். ஆனால் இது உங்கள் அறைக்குரிய எண் ஆகாது. முதலில் 50 நானோமீட்டர் படலங்களாக நைட்ரஜனை மட்டும் மாற்றி ஐந்தாறு செய்து, நிலைமாறு வெப்பநிலை உச்சத்தில் இருக்கும் கலவையைப் பிடியுங்கள். நைட்ரஜன் குறைந்தால் இரு-நையோபியம் நைட்ரைடு கலந்துவிடும். கூடினால் மின்தடை எண் ஏறி நிலைமாறு புள்ளி இறங்கும். டார்கெட்டின் மேற்பரப்பே நைட்ரைடாகிவிட்டால் மாறா மின்னோட்டத்தில் மின்னழுத்தம் நகரும். அந்த மின்னழுத்தத்தை ஒவ்வொரு ஓட்டத்திலும் குறித்துவையுங்கள். "நேற்று வந்த படலம் இன்று வரவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் பதில் அந்தக் குறிப்பில்தான் கிடைக்கும். ஷட்டரை மூடிவைத்து 5 முதல் 10 நிமிடம் முன்-ஸ்பட்டரிங் செய்த பிறகே திறக்க வேண்டும்.

கலவை கிடைத்ததும் 50, 20, 10, 7, 5, 4, 3 நானோமீட்டர் என்ற தொடரை இடைவெளி விடாமல் ஒரே தொகுப்பாகச் செய்யுங்கள். படிவு வேகம் நொடிக்கு 0.2 நானோமீட்டர் என்றால் 5 நானோமீட்டருக்கு 25 நொடி. ஷட்டர் ஒரு நொடி தாமதித்தால் 4 சதவீதப் பிழை. தடிமனை நேரத்தை வைத்து ஊகிக்காமல் எக்ஸ்-கதிர் எதிரொளிப்பில் அளவிடுங்கள். காற்றுப் பட்டதும் மேலே 1 முதல் 1.5 நானோமீட்டர் வரை ஆக்சைடாகும். நீங்கள் 5 என்று எழுதுவது மீகடத்தலுக்கு 3.5 அல்லது 4-தான். 3 நானோமீட்டர் படலத்தில் இது பாதியையே தின்றுவிடும். அதற்குக் காற்றுக்கு எடுக்கும் முன்பே மேலே ஒரு காப்புப் பூச்சு போடுவது நல்லது.

மெலிய மெலிய நிலைமாறு வெப்பநிலை ஏன் இறங்குகிறது? ஒழுங்கின்மை கூடும்போது எலெக்ட்ரான்கள் மெதுவாகப் பரவுகின்றன. அதனால் அவற்றுக்கிடையிலான மின்விலக்கம் சரியாக மறைபடுவதில்லை, இணையும் ஈர்ப்பு பலவீனப்படுகிறது. ஃபிங்கல்ஸ்டைன் 1987-இல் இதைச் சதுர மின்தடையின் சார்பாக எழுதிக்காட்டினார். அதனால் தொடரின் முடிவுகளைத் தடிமனுக்கு எதிராக மட்டும் வரையாமல் சதுர மின்தடைக்கு எதிராகவும் வரையுங்கள். வெவ்வேறு நாளில் வளர்ந்த படலங்கள்கூட அதில் ஒரே கோட்டில் வந்து உட்காரும்.

எல்லாப் பொருளும் இப்படி இறங்குவதில்லை. அலுமினியம் மெலிந்தால் ஏறும். சிலிக்கன் மேல் அணு அணுவாக வளர்த்த ஈயப் படலத்தில், அடுக்குகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்து நிலைமாறு வெப்பநிலை ஊசலாடுவதை 2004-இல் கண்டார்கள். 2010-இல் ஒரே அணு அடுக்கு ஈயம் 1.83 கெல்வினிலும் இண்டியம் 3.18 கெல்வினிலும் மீகடத்தின. இரும்பு செலினைடு, மொத்தப் பொருளாக 8 கெல்வினில் மாறுவது, ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் மேல் ஓரடுக்காக வைத்ததும் பல மடங்கு ஏறியது. அங்கே கதையை நடத்துவது அடித்தளம். மெல்லியதாவதால் மட்டும் வந்த ஏற்றம் இல்லை அது.

படி 3: வடிவமைத்தல்

படலத்துக்கு 10 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஹால் பட்டை (பக்கவாட்டில் மின்னழுத்தக் கைகள் நீட்டிய நேர்ப் பட்டை). மின்னழுத்தக் கைகளுக்கு இடையே 100 மைக்ரோமீட்டர். பத்துச் சதுரம், 5000 ஓம். அகலம் பேர்ல் நீளமான 110 மைக்ரோமீட்டருக்குள் அடங்கியிருப்பதால் சுழல்களுக்கிடையிலான விசை மடக்கைவிதிப்படி பட்டை முழுதும் நீடிக்கும். அடுத்த படிகளில் தேடப்போகும் நிலைமாற்றத்துக்கு இது கட்டாயம். பட்டையை மிகக் குறுக்கினாலும் கெடும், அதன் அகலமே சுழல் இணைகளின் விலகலுக்கு எல்லை கட்டிவிடும்.

ஃபுளோரின் வாயு பிளாஸ்மாவில் அரியுங்கள். மூலைகளை வட்டமாக வரையுங்கள். கூர் மூலையின் உட்பக்கத்தில் மின்னோட்டம் நெரிசலாகி, அங்கேதான் முதலில் மீகடத்தல் உடையும். தொடுமுனைகளில் 5 நானோமீட்டர் டைட்டானியமும் 50 நானோமீட்டர் தங்கமும். வெறும் 5 நானோமீட்டர் படலத்தில் ஒயர் பாண்டரை நேரடியாக அழுத்தினால் ஊசி அடித்தளம்வரை துளைத்துவிடும்.

படி 4: கம்பியிணைப்பும் காந்த மறைப்பும்

நான்கு முனை அளவீடு, 100 நானோஆம்பியர், 13 முதல் 37 ஹெர்ட்ஸ் லாக்-இன் (அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் பிரித்தளக்கும் கருவி). 5000 ஓமில் இது 50 பிக்கோவாட் வெப்பம்தான். ஒவ்வொரு அளவீட்டு இணைப்புக் கம்பிக்கும் வெளியே பை வடிகட்டி, குளிர்ப்பகுதியில் 1 கிலோஓம்-10 நானோஃபேரட் வடிகட்டி. வெட்டு 16 கிலோஹெர்ட்ஸ். செல்பேசி அலையும் கணினியின் பவர் சப்ளை இரைச்சலும் உள்ளே வந்தால், குளிர்ந்தும் சுழியாகாத ஒரு மின்தடை வால் தோன்றும். அதைப் புதிய இயற்பியல் என்று கொண்டாடியவர்கள் உண்டு.

காந்தப்புலத்தை எண்ணில் பாருங்கள். புவியின் புலம் 50 மைக்ரோடெஸ்லா, முழுவதும் செங்குத்தாகப் படலத்தில் விழுந்தால் 10 × 100 மைக்ரோமீட்டர் பட்டைக்குள் 24 சுழல்கள். காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போவதால் தென்தமிழ்நாட்டில் புவிப்புலம் கிட்டத்தட்ட கிடையாகவே இருக்கும், கிடத்திவைத்த படலத்துக்கு அது பாதகமில்லை. ஆனால் அதை நம்பி மறைப்பை விட்டுவிட முடியாது. முன்பு இயக்கிய மீகடத்துக் காந்தத்தில் 1 மில்லிடெஸ்லா தங்கியிருந்தாலே 480 சுழல்கள். மியூ-உலோக உறை போடுங்கள். காந்தம் இருக்கும் கிரையோஸ்டாட் என்றால் இப்படிச் செய்யலாம்: மின்தடை வாலின் நடுவில் ஒரு வெப்பநிலையில் நிறுத்தி, புலத்தை இருபக்கமும் 1 மில்லிடெஸ்லா ஓட்டி, மின்தடை எங்கே அடிமட்டம் காண்கிறதோ அதையே சுழிப்புலமாக வைத்துக்கொள்ளுங்கள். கருவித் திரையில் காட்டும் சுழி உண்மையான சுழி ஆகாது.

படி 5: மின்தடை-வெப்பநிலைக் கோடு

மாற்றத்துக்கு அருகே நிமிடத்துக்கு 0.1 கெல்வினுக்கு மேல் வேகம் வேண்டாம். ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்த கோடுகள் 10 மில்லிகெல்வினுக்குள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வெப்பமானி படலத்தோடு சேர்ந்து குளிரவில்லை என்று பொருள்.

கோடு எங்கே பாதியாகிறதோ அதை நிலைமாறு வெப்பநிலை என்று எழுதும் பழக்கத்தை இருபரிமாணப் படலத்தில் விட்டுவிடுங்கள். மாற்றத்துக்கு மேலேயே கணநேர இணைகள் கூடுதல் கடத்தலைத் தருகின்றன. அஸ்லமாசவ்-லார்க்கின் 1968-இல் தந்த முடிவுப்படி, இருபரிமாணத்தில் இந்தக் கூடுதலின் அளவு பொருளையே சார்ந்ததில்லை. அளந்த சதுரக் கடத்தலிலிருந்து இயல்புநிலைச் சதுரக் கடத்தலைக் கழித்து, தலைகீழாக்கி, வெப்பநிலைக்கு எதிராக வரையுங்கள். சரிவு 65.7 கிலோஓம் ÷ நிலைமாறு வெப்பநிலை என்ற நேர்கோடு வரவேண்டும். 10 கெல்வின் படலத்துக்குக் கெல்வினுக்கு 6.57 கிலோஓம். கிடையச்சைத் தொடும் இடம் சராசரிப்புல நிலைமாறு வெப்பநிலை, அதாவது ஏற்ற இறக்கங்களைக் கணக்கில் எடுக்காமல் இணைகள் நிலைக்கத் தொடங்கும் வெப்பநிலை.

பரிமாணத்தைக் காட்டும் முதல் சான்றும் இதுவே. மடக்கை வரைபடத்தில் கூடுதல் கடத்தலின் சரிவு இருபரிமாணத்தில் −1, முப்பரிமாணத்தில் −1/2, கம்பியில் −3/2. சரிவு −1 வந்து அளவு மட்டும் பொருந்தாவிட்டால் முதலில் சதுரங்களை மறுபடி எண்ணுங்கள். மெல்லிய படலங்களில் குளிரும்போது இயல்புநிலை மின்தடை சற்று ஏறுவதால், எந்த வெப்பநிலையின் மதிப்பைக் கழித்தீர்கள் என்பதும் முடிவை அசைக்கும். நிலைமாற்றத்தின் இரண்டு மடங்கு வெப்பநிலை பாதுகாப்பானது, ஒன்றரை மடங்கிலும் எடுத்து வித்தியாசம் பாருங்கள்.

படி 6: சுழல் இணைகள் பிரியும் இடம்

சராசரிப்புல வெப்பநிலைக்குக் கீழேயும் மின்தடை உடனே சுழியாவதில்லை. சுழலும் எதிர்ச்சுழலும் வெப்பத்தால் தாமாகத் தோன்றி, தனித்தனியே அலைகின்றன. இன்னும் குளிர்ந்தால் இணைகளாகக் கட்டுப்படும். பெரசின்ஸ்கி 1971-இலும் காஸ்டர்லிட்ஸ்-தவுலெஸ் 1973-இலும் கணித்த நிலைமாற்றம் இது. பின்னவர் இருவருக்கும் 2016-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பீஸ்லி, மூய், ஆர்லாண்டோ மூவரும் 1979-இல் அழுக்குப் படலங்களில் இது தெரியும் என்று காட்டி, எவ்வளவு கீழே தேட வேண்டும் என்ற சூத்திரத்தையும் கொடுத்தார்கள்: விகிதம் 1 ÷ (1 + 0.173 × சதுர மின்தடை ÷ 4.11 கிலோஓம்). நம் 500 ஓம் படலத்துக்கு 0.979. 10 கெல்வினில் சராசரிப்புலம் என்றால் 9.79-இல் இது. வேலை செய்ய 0.2 கெல்வின் இடம்தான் இருக்கிறது. ஆகவே 20 மில்லிகெல்வினுக்கு ஒரு மின்னோட்ட-மின்னழுத்தக் கோடு, நிலைப்பு 2 மில்லிகெல்வினுக்குள்.

நேர்மின்னோட்டத்தில், திசையை மாற்றி மாற்றி எடுங்கள். வெப்ப மின்னழுத்தம் கழிந்துவிடும். மடக்கை வரைபடத்தில் சரிவு 1-இலிருந்து 3-க்குக் குதிக்கும் வெப்பநிலைதான் தேடுவது. சரிவை எந்த மின்னோட்டத்தில் எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேல்முனையில் வெப்பமேற்றம் கோட்டைச் செங்குத்தாக்கும். ஏற்றியும் இறக்கியும் பாருங்கள், இரண்டும் பிரியும் இடத்துக்கு மேல் உள்ள புள்ளிகளைத் தள்ளிவிடுங்கள். கீழ்முனையில் பட்டையின் அகலமும் மிச்சச் சுழல்களும் ஓம் விதிக்கு இழுக்கும். நடுவில் குறைந்தது ஒரு பதின்மடங்கு நேர்கோடு இல்லையென்றால் சரிவு 3 என்று எழுத வேண்டாம்.

பிறகு மின்தடை வாலுக்கு ஹால்பரின்-நெல்சன் சூத்திரத்தைப் பொருத்தலாம். அது எதற்கும் பொருந்தும் தன்மை கொண்டது. சீரற்ற படலத்தின் வாலுக்கும் அழகாகப் பொருந்திவிடும். அஸ்லமாசவ்-லார்க்கின் கோட்டில் கிடைத்த சராசரிப்புல வெப்பநிலையையும், சரிவு 3-இல் கிடைத்த வெப்பநிலையையும் மாற்றாமல் நிறுத்திவைத்துப் பொருத்துங்கள். மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம். டாடா நிறுவனக் குழு 2011-இல் நையோபியம் நைட்ரைடு படலங்களில் காட்டியது இன்னும் நுட்பமானது. சுழல் மையத்தின் ஆற்றல் பாடப்புத்தக மாதிரி சொல்வதைவிடக் குறைவு, படலத்தின் சீரின்மையையும் சேர்த்தால்தான் வளைகோடு முழுதாக விளங்குகிறது.

படி 7: புலத்தைச் சாய்த்துப் பார்த்தல்

பரிமாணத்துக்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. செங்குத்துப் புலம் சுழல்களை நிரப்பி மீகடத்தலைக் கொல்கிறது. படலத்துக்கு இணையான புலத்துக்குச் சுழலை நுழைக்கத் தடிமன் போதாது, எனவே பலமடங்கு தாங்கும். நம் படலத்துக்கு, நிலைமாறு வெப்பநிலையின் 0.98 மடங்கில், செங்குத்து எல்லை 0.26 டெஸ்லா, இணை எல்லை 6.45 டெஸ்லா. செங்குத்து எல்லை 1 − விகிதம் என்று நேராக வளர, இணை எல்லை அதன் வர்க்கமூலமாக வளரும். வர்க்கமூலம் வந்தால் இருபரிமாணம். இரண்டும் நேர்கோடாக வந்தால் முப்பரிமாணம்.

இந்த இரண்டு எண்ணிலிருந்தே தடிமனையும் எடுக்கலாம்: √(6 × பாயக் குவாண்டம் (ஒரு சுழல் சுமக்கும் காந்தப்பாயம்) × செங்குத்து எல்லை ÷ (பை × இணை எல்லையின் வர்க்கம்)). மேலுள்ள எண்களுக்கு 5 நானோமீட்டர். எக்ஸ்-கதிர் தடிமனோடு ஒப்பிட்டால் ஆக்சைடு எவ்வளவு தின்றது என்று தெரியும்.

இணையாக வைப்பதில்தான் கவனம் முழுக்க வேண்டும். ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் டிங்கம் சூத்திரப்படி 6.45 டெஸ்லா 5.2 ஆகக் குறைந்து தெரியும். தடிமன் 6.2 நானோமீட்டர் என்று வரும். மாதிரியைச் சுழற்றும் மேடையை 0.1 டிகிரி படியில் நகர்த்தி, மின்தடை அடிமட்டமாகும் கோணத்தையே இணை என்று கொள்ளுங்கள். பிறகு அதைச் சுற்றி 5 டிகிரிக்கு எல்லைப் புலத்தை வரையுங்கள். உச்சி முள்ளாகக் கூர்ந்து நின்றால் இருபரிமாணம், மணிபோல் உருண்டால் முப்பரிமாணம். குறைந்த வெப்பநிலைக்குப் போகும்போது இணை எல்லை, நிலைமாறு வெப்பநிலையின் ஒவ்வொரு கெல்வினுக்கும் 1.84 டெஸ்லா என்ற பௌலி வரம்பில் (புலம் இணையின் தற்சுழற்சிகளைத் திருப்பி அதை உடைக்கும் வரம்பில்) முட்டும். ஆகவே தடிமனை நிலைமாற்றத்துக்கு அருகிலேயே எடுத்துவிடுங்கள். ஓரடுக்கு நையோபியம் டைசெலினைடு இந்தப் பௌலி வரம்பைப் பலமடங்கு தாண்டுவது 2016-இல் தெரிந்தது. அங்கே இணையின் தற்சுழற்சிகள் படலத்துக்குச் செங்குத்தாகப் பூட்டப்பட்டிருப்பதே காரணம்.

படி 8: கம்பி

கம்பியில் சுழலுக்கு இடமில்லை. அங்கே மீகடத்தலைக் குலைப்பது கட்ட வழுக்கல். ஒத்திசைவு நீளத்துக்கு ஒரு துண்டு கணநேரம் இயல்பாகி, கட்டம் ஒரு முழுச் சுற்று நழுவி, ஒரு மின்னழுத்தத் துடிப்பைத் தருகிறது. லிட்டில் 1967-இல் சொன்ன கருத்தை லாங்கர், அம்பேகவோக்கர், மக்கம்பர், ஹால்பரின் கணக்காக்கினார்கள். 1970 முதல் மெல்லிய வெள்ளீய இழைகளில் அளவீடுகள் வந்தன.

செய்யும் வழி இரண்டு. ஒன்று, 5 நானோமீட்டர் படலத்தின் மேல் எலெக்ட்ரான் கற்றை வரைவால் 20 நானோமீட்டர் கோடு. இன்னொன்று பெசர்யாடின், லா, டிங்கம் 2000-இல் ஹார்வர்டில் செய்தது: சிலிக்கன் நைட்ரைடில் 100-200 நானோமீட்டர் அகலப் பள்ளம் வெட்டி, அதன் கீழுள்ள ஆக்சைடை ஹைட்ரஃபுளோரிக் அமிலத்தால் குடைந்து, குறுக்கே ஒரு கார்பன் நானோகுழாயைக் கிடத்தி, மேலே மாலிப்டினம்-ஜெர்மேனியம் தூவுவது. குழாயே வார்ப்பு. கம்பி பள்ளத்தின் மேல் தொங்கும், இருபுறப் படலமே மின்முனை. ஹைட்ரஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் வலி தெரியும் முன்பே எலும்புவரை இறங்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

இத்தகைய கம்பியில் மின்தடை இரண்டு முறை விழும். முதலில் மின்முனைப் படலங்கள் மீகடத்தும், அதற்குச் சற்றுக் கீழே நிற்கும் மதிப்புதான் கம்பியின் இயல்புநிலை மின்தடை. பிறகு கம்பி.

தடையாற்றலைப் போடுவது எளிது: 0.83 × (நீளம் ÷ ஒத்திசைவு நீளம்) × (6453 ÷ இயல்புநிலை மின்தடை), நிலைமாறு வெப்பநிலையின் அலகில். நீளம் 150, ஒத்திசைவு நீளம் 7 நானோமீட்டர், மின்தடை 3000 ஓம் என்றால் 38. இதை (1 − விகிதம்)-இன் ஒன்றரையாம் அடுக்கால் பெருக்கி, விகிதத்தால் வகுத்து, எதிர்க்குறியோடு e-இன் அடுக்கில் ஏற்றி, இயல்புநிலை மின்தடையால் பெருக்கினால் மின்தடை வரும். 0.8 மடங்கு வெப்பநிலையில் சுமார் 40 ஓம். 0.7-இல் 0.4 ஓம். 0.6-இல் 0.3 மில்லிஓம். இனி கம்பியைப் பாதியாக மெலியவைத்து மின்தடையை 6000 ஓமாக்குங்கள்: 0.6-இல் 2 ஓம் நிற்கிறது. குறுக்குவெட்டு பாதியானதற்கு மின்தடை ஆயிரக்கணக்கான மடங்கு ஏறுகிறது. மேற்கண்ட ஹார்வர்டு கம்பிகளில் 6.5 கிலோஓமைத் தாண்டியவை மீகடத்தவே இல்லை.

அளக்கும் மின்னோட்டம் 1 நானோஆம்பியர் அல்லது குறைவாக. கையிலுள்ள நிலைமின் ஒரு தொடுதலில் கம்பியை எரித்துவிடும். மணிக்கட்டுப் பட்டை, எல்லா முனைகளையும் தரையிட்டே செருகுதல், இணைத்த பிறகே தரையை விடும் சுவிட்ச். மின்தடை திடீரென முடிவிலியாவதற்குக் காரணம் பெரும்பாலும் குளிர்விப்பு இல்லை, கனெக்டரைச் செருகிய அந்த நொடிதான்.

வால் கணக்கைவிட மெதுவாக இறங்கி, குளிரில் தட்டையாகிவிட்டால்? குவாண்டம் கட்ட வழுக்கல் என்று எழுத ஆசை வரும். ஜியோர்டானோ 1988-இல் இண்டியம் கம்பிகளில் கண்டதை அப்படித்தான் விளக்கினார். ஆனால் வடிகட்டி போதாமையும், கம்பியின் நடுவே ஒரு மெலிந்த கழுத்தும் இதே வாலைத் தரும். வடிகட்டியை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். வால் அசைந்தால் அது இரைச்சல். மின்னோட்டத்தை ஏற்றும்போது மின்னழுத்தம் பல படிகளாகத் தாவினால் கம்பி சீராக இல்லை. இரண்டும் கடந்தால், ஒரே வெப்பநிலையில் சில ஆயிரம் முறை மின்னோட்டத்தை ஏற்றி, எங்கே தாவுகிறது என்ற பரவலை எடுங்கள். 2009-இல் இல்லினாய் குழு இந்தப் பரவலின் வழியாகத்தான் தனித்தனிக் குவாண்டம் வழுக்கல்களை அடையாளம் காட்டியது. 2012-இல் அஸ்டாஃபியெவ் குழு இண்டியம் ஆக்சைடு வளையத்தில் நுண்ணலை அளந்து, வழுக்கல்கள் ஒத்திசைந்து நடப்பதையே காட்டியது. வெறும் மின்தடை வாலை மட்டும் வைத்து இந்த வரிசையில் சேர முடியாது.

ஒவ்வொரு முறை குளிர்விக்கும் முன்பும் அறை வெப்பநிலை மின்தடையை எழுதிவையுங்கள். உலர் நைட்ரஜன் பெட்டியில் வைத்தாலும் கம்பி மெல்ல ஆக்சைடாகும். முந்தைய எண்ணைவிட 5 சதவீதம் ஏறியிருந்தால் கையில் இருப்பது பழைய கம்பி இல்லை. தடையாற்றலைப் புதிய மின்தடையோடு முதலிலிருந்து போட வேண்டும்.